ஹெஸ்டர் ப்ளம்ரிட்ஜின் தமிழ்க் கவிதைகள்

விக்டோரியா காலத்து ஆங்கில இலக்கியத்துக்கு ஒரு பெண் கவிஞரைக் கொடுத்த ஒரே விருதுநகர்க்காரன் நான். அடக்கத்தோடுதான் சொல்கிறேன்.

ஹெஸ்டர் ப்ளம்ரிட்ஜ் 1841இல் லண்டனில் பிறந்தார். தீப்பெட்டி ஆலையில் வேலை. முப்பத்திரண்டு வயதில் நெஞ்சு நோயில் சாகடித்தேன். சொந்தக்காரர் யாரும் தேடி வரக் கூடாதல்லவா? எங்கள் கல்லூரி ஆங்கிலத் துறைத் தலைவர் சபரிநாதன், மாணவர் எழுதும் கட்டுரையில் தன் பெயரை முதலில் போட்டுக்கொள்பவர். அதைக் கேலி செய்து கல்லூரி விழாவில் நாடகமே போட்டிருக்கிறேன். இல்லாத கவிஞரைப் பற்றிய கட்டுரைக்கும் போடுகிறாரா பார்ப்போம் என்றுதான் தொடங்கினேன். போட்டார். மதுரைக் கருத்தரங்கில் கைதட்டலும் வாங்கினார்.

கவிஞர் என்றால் கவிதை வேண்டும். எனக்கு எழுத வராது. வகுப்புத் தோழி ரோஜா, லீவு நாளில் நாரணாபுரத்துக்குப் பட்டாசு வேலைக்குப் போகிறவள், தன் கவிதை நோட்டை டைப் அடிக்கக் கொடுத்திருந்தாள். அதிலிருந்து எட்டை ஆங்கிலமாக்கினேன். தீபாவளி வந்த இடத்தில் கிறிஸ்துமஸ், பட்டாசுக் கம்பெனி வந்த இடத்தில் தீப்பெட்டி ஆலை. பெரிய வேலை ஒன்றும் இல்லை.

நோட்டை நான் திருப்பித் தரவில்லை. அவள் தனக்கு மனப்பாடமாக இருந்தவற்றை எழுதிக் கல்லூரிக் கவிதைப் போட்டிக்குக் கொடுத்துவிட்டாள். ஜெயித்தால் சிவகாசியில் புத்தகமாக அச்சிட்டுத் தருவார்கள். சபரிநாதன் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார்.

“ஏம்மா, லண்டன்காரி எழுதினத அப்படியே திருடியிருக்கியே?”

“சார், தீபாவளி முடிஞ்சா கம்பெனிய மூடிருவாக. ஒரு மாசம் எங்க வீட்ல அடுப்பு எரியாது. அதத்தான் எழுதினேன். லண்டன்ல கிறிஸ்துமஸ் முடிஞ்சா எதுக்கு சார் தீப்பெட்டி ஆலைய மூடுவாக? அதுக்கப்புறம் அங்கன யாரும் அடுப்பே பத்த வைக்க மாட்டாகளோ?”

நல்ல கேள்வி. மாற்றும்போது எனக்குத் தோன்றவில்லை.

சபரிநாதன் சந்தேகத்தோடு என்னைப் பார்த்தார். பிறகு மேசைமேல் கிடந்த கட்டுரையில் தன் பெயரைப் பார்த்தார். “நீ சொல்லுப்பா.”

ரோஜா என் பக்கம் திரும்பினாள். “சொல்லு விக்னேஷு. நோட்டு ஒங்கிட்டதான இருக்கு?”

“எந்த நோட்டு?” என்றேன்.

கல்லூரியைவிட்டு அவளாகவே நின்றுவிட்டாள். இப்போது எம். புதுப்பட்டியில் தினமும் வேலை. வெடிக்கு மருந்து செலுத்தும் அறையாம். கவிதைக்கு அனுபவம் முக்கியம்.

ரோஜாவின் பெயரை நீக்கியதும் பரிசுக்கு வேறு ஆள் இல்லாததால் புத்தக வாய்ப்பை ஹெஸ்டரின் தமிழாக்கத்துக்குக் கொடுத்தார்கள். மொழிபெயர்ப்பாளன் நான். சிரமம் இல்லை, நோட்டைப் பார்த்து எழுதினேன்.

நேற்று அட்டை வந்தது. ஹெஸ்டரின் பெயருக்குக் கீழே என் பெயர். இல்லாத ஒருத்திக்கு முதலிடம் எதற்கு? என் பெயரை மேலே போடச் சொல்லிவிட்டேன்.