மூன்று புறாவில் தட்டினால்

மாலை ஐந்தரை. மான்செஸ்டருக்கு வடக்கே, எங்கள் ஊரைச் சுற்றிக்கொண்டு போகும் அகலச் சாலை. டிசம்பரில் இங்கே ஐந்தரைக்கே கன்னங்கரேலென்று இருட்டிவிடும். மழை என்றும் சொல்ல முடியாத, பனி என்றும் சொல்ல முடியாத ஒன்று முகத்தில் குத்திக்கொண்டிருக்கிறது. லாரிகளைத் தவிர ஓர் ஆள் கிடையாது. அந்தச் சாலையோரமாக, வீட்டுச் செருப்போடு, தலையில் தொப்பியோடு ஒரு கிழவர் நடந்து போகிறார்... சீட்டியடித்துக்கொண்டு.

நெருங்கி உட்காருங்கள். இருப்பது ஒரே மெழுகுவர்த்தி. கரண்டு வந்தால் கதையைப் பாதியில் விட்டுவிட்டு அவரவர் வீட்டுக்கு ஓடிவிடுவீர்கள், எனக்குத் தெரியாதா?

அந்தக் கிழவர் வில்ஃப். என் சிநேகிதி ஜாய்ஸின் பெரியப்பா. அவருக்கு நடந்தது என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். பெரியம்மா எட்னாவுக்கு நடந்தது என்று சொல்வதுதான் சரியோ என்னவோ. கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

வில்ஃபுக்கு மறதி நோய். காலையில் என்ன தின்றார் என்று தெரியாது. பெற்ற மகன் பெயர் தெரியாது. ஆனால் சாயங்காலம் ஐந்தேகால் ஆனால் போதும், எழுந்து மப்ளரைச் சுற்றிக்கொள்வார். "புறாவுக்குப் போயிட்டு வந்துடறேன்" என்பார். அது மட்டும் மறக்காது. ஆண்களின் மூளையில் எந்தப் பகுதி கடைசியில் அழுகும் என்று டாக்டர்கள் ஆராயவே வேண்டாம், எங்கள் தெருப் பெண்களைக் கேட்டாலே சொல்லிவிடுவார்கள்.

புறா என்றால் 'மூன்று புறா'. மேங்கில் தெரு மூலையில் இருந்த பப். வாசல் பலகையில் மூன்று புறாக்கள் வரைந்திருக்கும். மழையில் ஒன்று பாதி அழிந்து, 'இரண்டரைப் புறா' என்று கேலி பேசுவார்கள். ஐந்தரைக்குத் திறக்கும். சாயப்பட்டறை ஆட்களெல்லாம் நீலமும் சிவப்புமான விரல்களோடு அதற்கு முன்பே வாசலில் நிற்பார்கள்.

ஒரே ஒரு சிக்கல். அந்தப் பப்பை இடித்து நாற்பது வருஷம் ஆகிறது. பப் மட்டுமா? மேங்கில் தெரு, அதற்கு முன் தெரு, பின் தெரு, எல்லாவற்றையும் இடித்து மட்டமாக்கி, குடியிருந்தவர்களைக் குன்றுமேல் கட்டிய புது வீடுகளுக்கு அனுப்பிவிட்டார்கள். மேலே சாலை வந்தது, பிறகு ஒரு பெரிய கடை, அதன் கார் நிறுத்துமிடம்...

இல்லாத பப்பைத் தேடி வில்ஃப் தினமும் நான்கு வழிச் சாலையைக் குறுக்கே கடந்தார். போலீஸ் மூன்று நான்கு தடவை பிடித்துக்கொண்டுவந்து விட்டது. கவுன்சிலிலிருந்து வந்த பெண் நல்ல மாதிரிதான். ஆனாலும் சொல்லிவிட்டாள்: "இன்னொரு தடவை காணாமப் போனா, ஹோம்லதான் சேக்கணும் எட்னா. வேற வழியில்ல." ஹோம் என்றால் முதியோர் காப்பகம், இருபது மைல் தள்ளி. எட்னாவுக்கு இடுப்பு சரியில்லை, இரண்டு பஸ் மாற முடியாது. சேர்த்துவிட்டால் அப்புறம் பார்ப்பது பெட்டியில்தான்.

அன்று எட்னா என் அடுக்களையில் உட்கார்ந்து சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "அந்த எழவெடுத்த புறா எங்க இருந்துச்சுன்னு மட்டும் தெரிஞ்சா போதும்டி. இவரு வர்றதுக்கு முன்னாடி நான் அங்க போய் நின்னுக்குவேன். கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்துடுவேன்."

"ரோட்டுல எங்கெங்கயோ சுத்தறாரு, அந்த எடத்துக்குத்தான் போறாருன்னு எப்படிச் சொல்றே?" என்று கேட்டேன்.

எட்னா கொஞ்ச நேரம் டீயைக் கலக்கினாள். பிறகு, "அவரு கோட்ட மோந்து பாத்தியா?" என்றாள்.

மோந்து பார்த்தேன். கேட்டால் விடுவேனா? பைப் புகையிலை... ஈர நாய்... பப் தரையில் தூவுகிற மரத்தூள்... அவர் மீசையில் புளித்த பீர். பப்புக்குள் புகைபிடிக்கக் கூடாது என்று சட்டம் வந்து வருஷங்கள் ஆகின்றன. வில்ஃபின் பையில் ஒரு பைசாகூட எட்னா வைப்பதில்லை.

சரி, தேடலாம் என்று கிளம்பினோம், நானும் ஜாய்ஸும். எனக்கு இதற்கெல்லாம் நேரம் இருக்கும்.

முதலில் கிளப்பில் உட்கார்ந்திருக்கும் கிழங்களைக் கேட்டோம். நார்மன் சொன்னார்: "குடல் கறிக் கடைக்கு நேர் எதுத்தாப்ல."

பக்கத்தில் இருந்த ஸ்டான் பாய்ந்தார். "போடா மடையா. குடல் கறிக் கடைக்கு எதுத்தாப்ல இருந்தது 'ராஜா தலை' பப். புறா, சர்ச்சுக்குப் பின்னாடி."

"சர்ச்சுக்குப் பின்னாடி உங்கப்பன் மூத்திரம் போவான். பப் கெடையாது."

"எங்கப்பன் எங்க போனா ஒனக்கென்னடா?"

இப்படி ஒரு மணி நேரம். இருவரும் ஒத்துப்போன விஷயம் ஒன்றே ஒன்று. பப்பின் கடைசி இரவு. மறுநாள் இடிக்க வருகிறார்கள் என்று தெரிந்து, நிலவறையில் இருந்த பீப்பாய் எல்லாவற்றையும் காலி செய்யக் கூடினார்களாம். முதலாளி ஹெர்பர்ட் மணியடித்து, வழக்கம்போலக் கதவைத் தாழிட்டாராம். காலையில் வந்த இடிப்பு ஆட்கள், கதவு உள்பக்கமாகத் தாழிட்டிருந்ததால் உடைத்துக்கொண்டு நுழைந்தார்கள். உள்ளே ஒருவர்கூட இல்லை. மேஜைமேல் கிளாஸ்கள்... பாதி நிறைந்தபடி.

"நீங்க அன்னைக்கு அங்க இல்லையா?" என்று கேட்டேன்.

"நான் சீக்கிரமே வந்துட்டேன்" என்றார் நார்மன். "நானும்" என்றார் ஸ்டான். அதற்குப் பிறகு இருவரும் சண்டை போடவில்லை.

ஹெர்பர்ட் ஒரு விதவையோடு பிளாக்பூல் கடற்கரைக்கு ஓடிவிட்டார் என்பது எங்கள் தெருவின் கட்சி. நான் அது நாள்வரை அந்தக் கட்சியில்தான் இருந்தேன்.

நூலகத்தில் பழைய வரைபடத்தைப் புதியதன்மேல் வைத்துப் பார்த்தோம். கார் நிறுத்துமிடத்தில் எங்கேயோ விழுந்தது. எங்கே என்று சொல்லமுடியவில்லை. அது கால்பந்து மைதானம் அளவு இருக்கும்.

கடைசியில் கண்டுபிடித்தது எட்னாதான்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும், உங்களில் சின்ன வயசுக்காரிகளுக்கு. மூன்று புறாவுக்குள் பெண்கள் கால் வைக்கக் கூடாது. சட்டம் ஒன்றும் இல்லை. சட்டமென்றால் மீறியிருப்போம், இது வழக்கம். பக்கச் சுவரில் மட்டும் பலகை போட்ட சின்னத் திறப்பு ஒன்று உண்டு, கூஜாவில் பீர் வாங்கிப்போக. புருஷனைத் தேடி வருகிறவர்களும் அங்கேதான் தட்ட வேண்டும். தாழ்ப்பாள் நகரும், பலகை உயரும், ஹெர்பர்ட்டின் தாடை மட்டும் தெரியும். புருஷன் உள்ளே இருந்தால் ஹெர்பர்ட் சொல்வது ஒன்றுதான்: "இங்க இல்ல கண்ணு. இப்பத்தான் கெளம்பினாரு." பின்னால் ஆண்கள் சிரிப்பை அடக்குவது கேட்கும். புருஷன் நிஜமாகவே இல்லையென்றால், பெருந்தன்மையாக, "உள்ள வந்து பாத்துக்க கண்ணு" என்பார். யாரும் போகமாட்டார்கள் என்று தெரியும். மேங்கில் தெருவில் எல்லாப் பெண்களுக்கும் இந்தப் பாஷை அத்துப்படி.

எட்னா அந்தத் திறப்பின் முன் எத்தனை சாயங்காலம் நின்றாளோ. வீட்டில் தட்டுமேல் தட்டு கவிழ்த்து, வெந்நீர்ச் சட்டிமேல் வைத்த சாப்பாடு காய்ந்துகொண்டிருக்கும். இவள் தள்ளுவண்டியில் குழந்தையோடு நின்று, மணிக்கூண்டைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். அங்கிருந்து பார்த்தால் சர்ச் மணிக்கூண்டு, தூரத்துக் குன்றின் மேல்விளிம்பில் உள்ள பள்ளத்தில் கச்சிதமாக உட்கார்ந்திருக்குமாம்.

தெருவைத்தானே இடித்தார்கள். குன்றும் கூண்டும் அப்படியேதான் இருக்கின்றன.

ஒரு பகல் வேளையில் நாங்கள் மூன்று பேரும் போனோம். எட்னா கைத்தடியை ஊன்றிக்கொண்டு கார்களுக்கு நடுவே நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்தாள். கொஞ்சம் இடது... இன்னும் கொஞ்சம்... கடையின் சாமான் தள்ளுவண்டிகளை அடுக்கிவைக்கும் பிளாஸ்டிக் கொட்டகைக்குப் பக்கத்தில் நின்றாள். கூண்டு பள்ளத்தில் உட்கார்ந்தது.

"இதான்" என்றாள். பிறகு சிரித்தாள். எட்னாவின் சிரிப்பு உங்களில் சில பேருக்கு ஞாபகம் இருக்கும், கெட்டில் விசிலடிக்கிற மாதிரி இழுத்துக்கொண்டே போகும். வில்ஃபுக்கு நோய் வந்த பிறகு அன்றுதான் அதைக் கேட்டேன்.

"இவ்வளவு வருஷம் வெளியிலயே நின்னுருக்கேன் பாரு. உள்ள அப்படி என்னதான் இருந்துச்சுன்னு ஒரு நாளாவது பாத்திருக்கணும்" என்றாள்.

"என்ன இருக்கும்? எச்சில் கிண்ணமும் நாத்தமும்" என்றாள் ஜாய்ஸ்.

அந்த வாரமே, நான் முதலில் சொன்ன அந்தச் சாயங்காலம் வந்தது. எட்னா கொல்லையில் துணி எடுக்கப் போன நேரத்தில் வில்ஃப் கிளம்பிவிட்டார். எட்னா போலீசுக்குச் சொல்லவில்லை. ஜாய்ஸைக் கூட்டிக்கொண்டு நேரே கார் நிறுத்துமிடத்துக்குப் போனாள். எனக்குச் சளி, வீட்டில் இருந்தேன். அதற்காக அன்று வருத்தப்பட்டேன்.

கொட்டகைப் பக்கம் விளக்கு எரியவில்லையாம். வில்ஃப் அங்கே இல்லை. எட்னா ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு விரல் முட்டியால் அந்தப் பிளாஸ்டிக் சுவரில் தட்டினாள், பழைய பழக்கத்தில்.

ஜாய்ஸ் சத்தியம் செய்து சொல்கிறாள்... மரத்தில் தட்டிய சத்தம் கேட்டது.

தாழ்ப்பாள் நகர்ந்தது. வெதுவெதுவென்று ஒரு காற்று... புகையிலை, ஈரக் கம்பளி, பீர். எட்னாவின் முகத்துக்கு நேராக, ஆள் இல்லாத இருட்டிலிருந்து, சாவகாசமான ஆண் குரல்.

"உள்ள வந்து பாத்துக்க கண்ணு."

ஜாய்ஸ் பெரியம்மாவின் கோட்டைப் பிடித்து இழுத்தாள். அவளும் பாஷை தெரிந்தவள். "அப்ப பெரியப்பா உள்ள இல்ல. வாங்க பெரியம்மா, போயிடலாம்."

"தெரியும்டி" என்றாள் எட்னா. அசையவில்லை.

அதே நேரம் என் வீட்டுப் பின்கதவு தட்டப்பட்டது. திறந்தால் வில்ஃப்! செருப்பெல்லாம் சேறு, முகத்தில் குழந்தை மாதிரி ஏமாற்றம். உட்காரவைத்துப் பிஸ்கட் கொடுத்தேன்.

"என்ன வில்ஃப், இன்னைக்குப் புறாவுக்குப் போகலியா?"

"போனேன். உள்ள விடல. என் நாற்காலி இன்னைக்கு வேற ஆளுக்காம்."

நான் சிரித்துவிட்டேன். கடவுளே, சிரித்துக்கொண்டேதான் ஜாய்ஸின் கைபேசிக்கு அடித்தேன்.

அவள் காற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு எடுத்தாள். "ஆள் இங்க இருக்காருடி, என் அடுக்களையில" என்றேன். அவள் கத்தினாள்: "பெரியம்மா! பெரியப்பா கெடைச்சுட்டாரு! பத்திரமா இருக்காரு!"

எட்னாவின் குரல் எனக்கே போனில் கேட்டது. அமைதியாக.

"அப்படின்னா சரி."

அப்புறம் ஒரு பெரிய கதவு... திறக்கும்போது நிறைய ஆண்கள் பேசும் இரைச்சல், மூடியதும் நிசப்தம். தாழ்ப்பாள் விழுந்தது. அதை நான் இந்தக் காதால் கேட்டேன். ஜாய்ஸ் திரும்பிப் பார்த்தபோது கைத்தடி மட்டும் கொட்டகையில் சாய்த்து வைத்திருந்தது. விழுந்து கிடக்கவில்லை. சாய்த்து வைத்திருந்தது.

போலீஸ் வந்தது, நாய் வந்தது, ஓடையில்கூடத் தேடினார்கள். ஒன்றும் இல்லை.

வில்ஃப் இப்போது ஜாய்ஸ் வீட்டில் இருக்கிறார். ஐந்தேகாலுக்கு எழுந்திருப்பதே இல்லை. அவர் சாப்பாட்டைத் தொட மாட்டார். தட்டுமேல் தட்டு கவிழ்த்து, வெந்நீர்ச் சட்டிமேல் வைத்துவிட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்வார். "எட்னா வரட்டும்" என்பார். ராத்திரி வெகு நேரம்வரை அந்தச் சட்டி கொதித்துக்கொண்டிருக்கும்.

அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் ஜாய்ஸ் ஒரு நாள் சாயங்காலம் அங்கே போனாள். நானும் போனேன். போகாமல் இருப்பேனா?

கொட்டகைக்குப் பக்கத்தில் நின்றோம். கூண்டு பள்ளத்தில் இருந்தது. ஜாய்ஸ் தட்டினாள். வெறும் பிளாஸ்டிக். இரண்டாவது தடவை தட்டினாள்... அதுவும் பிளாஸ்டிக். மூன்றாவது, மரம்.

தாழ்ப்பாள் நகர்ந்தது. புகையிலை வாசனை என் மூக்கில் ஏறியது. உள்ளே யாரோ யாரையோ 'உஸ்' என்று அடக்கினார்கள்.

"எங்க பெரியம்மா இருக்காங்களா?" என்றாள் ஜாய்ஸ். "பெரியப்பா சாப்பிடாம காத்துக்கிட்டிருக்காரு..."

பிறகு அந்தக் குரல், ரொம்ப மரியாதையாக...

"இங்க இல்ல கண்ணு. இப்பத்தான் கெளம்பினாங்க."

பலகை இறங்கிக்கொண்டிருந்தபோது, பின்னால் யாரோ சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல்... மெல்ல, இழுத்துக்கொண்டே... கெட்டில் விசிலடிக்கிற மாதிரி.