பேச்சுக்கு இஸ்திரி போட்டவன்

நாள்தோறும் பிற்பகல் மூன்று மணிக்கு நான் சோப்புப் போட்டுக் கை கழுவுவேன். முதல் பக்கச் செய்திகளைத் தொடுவதற்கு முன் கை சுத்தமாக இருக்க வேண்டும் என்பது முப்பத்தோர் ஆண்டுகளாக நான் கடைப்பிடித்துவரும் வழக்கம். பிறகு மூக்குக்கண்ணாடியைத் துடைப்பேன். சிவப்புப் பேனாவின் மூடியைத் திறப்பேன். நாற்காலியை மேசைப் பக்கம் ஒரு சாண் இழுத்துக்கொள்வேன். அந்த நொடியில் எனக்குள் எழும் களிப்பை, விசாரணைக் குழுவினராகிய உங்கள் மூவருக்கும் எப்படி விளக்குவது என்று தெரியவில்லை. ஊஞ்சல் மேலே போகும்போது வயிற்றில் ஒரு குறுகுறுப்பு உண்டாகுமே, ஏறத்தாழ அதுதான்.

நடந்ததை என் சொற்களில் எழுதித் தரும்படி கேட்டிருக்கிறீர்கள். மிக்க மகிழ்ச்சி. பிறர் சொற்களைச் செப்பனிடுவதிலேயே வாழ்நாளைக் கழித்த ஒருவனிடம் இப்படிக் கேட்டவர்கள் நீங்கள்தாம் முதல்.

அலுவலகத்தில் என்னை 'இஸ்திரிக்காரர்' என்பார்கள். எவ்வளவு கசங்கிய வாக்கியமும் என் மேசையைக் கடந்தால் மடிப்புக் கலையாமல் வெளியே போகும். அந்தப் பெயரில் எனக்குச் சற்றுப் பெருமையும் உண்டு. அப்படிப்பட்டவனுக்கு ஆளுங்கட்சித் தலைவர் வாய்த்தது பெரும் பேறு. அவர் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் அது முடிவதற்குள் மூன்று பேரைத் திட்டுவார். தம் செருப்பின் விலையைச் சொல்வார். தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறியைச் சதிகாரன் என்பார். பிறகு, தாம் எங்கே விட்டோம் என்று மேடையில் இருப்பவரையே கேட்பார். மற்றப் பத்திரிகைகளின் உதவி ஆசிரியர்கள் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். எனக்கோ கால் தரையில் பாவவில்லை.

"எதிர்த்துப் பேசுறவன் வாயைத் தைச்சுடுவேன்" என்று அவர் முழங்கினால், 'கருத்து வேறுபாடுகள் ஓர் அளவோடு அமைவது நலம் எனத் தலைவர் அறிவுறுத்தினார்' என்று நான் எழுதுவேன். "அந்த நீதிபதியை வீட்டுக்கு அனுப்பி நாய் குளிப்பாட்ட விடுறேன் பாரு" என்றால், 'நீதித்துறையினரின் ஓய்வுக்காலம் குறித்தும் அவர் அக்கறையுடன் பேசினார்' என்று முடிப்பேன். அதை எழுதிய அன்று நான் வீடு வரை சீட்டியடித்துக்கொண்டே நடந்தேன். நாட்டின் மாவட்டங்களின் எண்ணிக்கையில் இரண்டை அவர் கூட்டிச் சொன்னபோது, ஓசையின்றிக் குறைத்துவிட்டேன். மேற்கே பாயும் ஆறு ஒன்றைக் கிழக்கே திருப்பிவிட்டிருந்தார். அதை மீண்டும் மேற்கே பாயவிட்டேன். தவறான தகவல் அச்சேறக் கூடாது என்பதில் நான் கண்டிப்பானவன்.

இவற்றைச் செய்யும்படி எவரும் எனக்குக் கட்டளையிடவில்லை, எவரும் மிரட்டவில்லை. எதிர்க்கட்சிக்காரர் நிதானமாகப் பேசக்கூடியவர். தலைவரும் அதே நிதானத்தில் பேசினால்தானே முதல் பக்கம் ஒரு பக்கமாகச் சாயாமல் இருக்கும்? நடுநிலை என்று நான் கருதியது இதைத்தான்.

இதை ஏற்காதவர் எங்கள் அரசியல் நிருபர் ஒருவர் மட்டுமே. நாற்பது வயதுப் பெண்மணி. கூட்டத்துக்குக் கூட்டம் தத்தித் தாவிச் சென்று, கடுகளவு எழுத்தில் குறிப்பெடுப்பதால் அவரைக் குருவி என்று அழைப்போம். தலைவர் பேசிய ஒவ்வொரு சொல்லும் அவருடைய குறிப்பேட்டில் இருக்கும். ஒருநாள் தேநீர்க் குவளையுடன் என் மேசையின் ஓரத்தில் சாய்ந்துகொண்டு அவர் ஒரு கதை சொன்னார்.

"ஒரு காட்டுல புலி ஒண்ணு இருந்துச்சாம் சார். அது உறுமுறது யாருக்கும் புரியலைன்னு, கிளியை மொழிபெயர்க்க வச்சாங்களாம். 'இன்னைக்கு அந்த மானைத் தின்னப்போறேன்'னு புலி உறுமுச்சு. கிளி மான்கிட்ட போய், 'ராஜா உங்களை விருந்துக்கு அழைக்கிறார்'னுச்சு. மானும் குளிச்சு, கொம்பைத் துடைச்சுக்கிட்டுப் போச்சாம்."

"அப்புறம்?"

"அதை மானைத்தான் கேக்கணும். கிடைச்சா."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். கிளியின் வாக்கியத்தில் பிழை ஒன்றும் இல்லை என்பதையும் சுட்டிக்காட்டினேன். விருந்து என்பது உண்மைதானே. குருவி குவளையைக் கழுவப் போய்விட்டார்.

இனி என் அத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் அக்காவின் கணவர் வாக்காளர் பதிவு அலுவலராகப் பணியாற்றினார். தேர்தலுக்குப் பதினோரு நாள்கள் இருந்தன. பட்டியலிலிருந்து நாலாயிரம் பெயர்களை நீக்கும்படி தலைவரின் ஆட்கள் கேட்டார்கள். "செத்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, எடுக்கிறேன். உயிரோட இருக்கிறவங்களை எடுக்க எனக்குக் கை வராது" என்று அத்தான் கூறிவிட்டார். அவர் எப்போதும் இப்படி வேடிக்கையாகத்தான் பேசுவார்.

திங்கட்கிழமைக் காலைப் பொதுக்கூட்டத்தில் தலைவர் பேசியது, குருவியின் குறிப்பேட்டின்படி, இதுதான்: "பேரை எடுக்க மாட்டேன்னு அடம்புடிக்கிறானே ஒரு பதிவாளன், அவன் வீடு எங்க தெரியுமா? நாலாவது தெரு, பச்சை கேட்டு. நாளைக்குப் போங்க. போய் என்னன்னு கேளுங்க. நீங்க திரும்பி வரும்போது அவன் கையெழுத்துப் போடுற கை அவன்கிட்ட இருக்கக் கூடாது."

அதைப் படித்ததும் என் கண்ணில் முதலில் உறுத்தியது முகவரி. நான்காம் தெருவில் பச்சைக் கதவு வைத்த வீடு ஒரு பல் மருத்துவருடையது. தங்கமான மனிதர், என் கடைவாய்ப் பல்லை வலி தெரியாமல் எடுத்தவர். ஒரு பாவமும் அறியாத அவர் வீட்டு வாசலில் கூட்டம் போய் நிற்பதற்கு நம் பத்திரிகை காரணமாகலாமா? அத்தான் வீடு ஆறாம் தெருவில், நீலக் கதவு. ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் போய்வரும் வீடு, எனக்குத் தெரியாதா?

நான் எழுதியதை அப்படியே தருகிறேன். தலைப்பு: 'நேரில் சென்று தெளிவு பெறுங்கள்: தலைவர் வேண்டுகோள்.' செய்தி: 'வாக்காளர் பட்டியல் குறித்து எழுந்துள்ள ஐயங்களை, ஆறாம் தெருவில் நீல நிற வாயிற்கதவு கொண்ட இல்லத்தில் வசிக்கும் பதிவு அலுவலரிடம் பொதுமக்கள் இன்று நேரில் கேட்டுத் தெளிவு பெறலாம் எனத் தலைவர் கேட்டுக்கொண்டார்.' ஒரே வாக்கியம். எங்கும் தடுக்கவில்லை. எழுதி முடித்தபோது எனக்கு எழுந்து ஒரு சுற்று ஆடலாம் போலிருந்தது.

குருவி அச்சுப்படியைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார்.

"சார், அட்ரஸை எடுத்துடுங்க."

"தப்பான அட்ரஸைத்தான் எடுக்கணும்மா. எடுத்துட்டேன். சரியானதை எதுக்கு எடுக்கணும்?"

"கையை வெட்டச் சொல்றான் சார் அந்த ஆள். அதைப் போடுங்க. அட்ரஸைப் போடாதீங்க. நீங்க தலைகீழாப் பண்ணியிருக்கீங்க."

"கோபத்துல ஆயிரம் சொல்லுவார். அதையெல்லாம் அச்சுல ஏத்தினா நாம ஒரு பக்கம் சாய்ஞ்சுட்டோம்னு பேசுவாங்க."

"உங்க சொந்த அத்தான் சார் அவர்."

"அதனாலதான் அட்ரஸ் தப்பில்லாம வந்திருக்கு."

பல் மருத்துவருக்கு ஏதோ நேர்ந்துவிடும் என்று அஞ்சியவன், அத்தானுக்காக ஏன் அஞ்சவில்லை என்று நீங்கள் கேட்கக்கூடும். பல் மருத்துவர் விஷயத்தில் பிழை இருந்தது. அத்தான் விஷயத்தில் பிழை இல்லை. இந்த வேறுபாட்டை என் தொழிலில் இருப்பவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள்.

அன்று மாலையே குருவி என் அக்காவைத் தொலைபேசியில் அழைத்து, வெளியூர் போய்விடும்படி சொல்லியிருக்கிறார். இதை மறுநாள் காலை அக்கா எனக்குத் தொலைபேசியில் சொல்லித்தான் அறிந்தேன்.

"டேய் தம்பி, நேத்து அந்தம்மா சொன்னதைக் கேட்டுட்டு ராத்திரியே பெட்டி கட்டிட்டோம்டா. காலையில உன் பேப்பரைப் பார்த்ததும்தான் எனக்கு மூச்சே வந்துச்சு. இது நீ எழுதினதுதானே?"

"நான்தான்க்கா."

"அப்ப பயம் ஒண்ணும் இல்லைதானே? நீ சொன்னா நாங்க இருக்கோம். இல்லைன்னா ஒன்பது மணி பஸ்ஸுக்குக் கிளம்பிடுவோம்."

"தலைப்பைப் பாருக்கா. வேண்டுகோள்னுதானே போட்டிருக்கேன்."

பின்னாலிருந்து அத்தானின் குரல் கேட்டது. "உன் தம்பி எழுத்துல நம்ம கேட்டுக்கே ஒரு களை வந்துடுச்சுடி. வர்றவங்களுக்கு நாற்காலி பத்துமான்னு அவனையே கேளு."

நாங்கள் மூவரும் சிரித்தோம். அக்கா பெட்டியைப் பிரித்துத் துணிகளை அடுக்கிவைத்தாள். அத்தான் பக்கத்து வீடுகளிலிருந்து பதினான்கு நாற்காலிகளை வாங்கி வாசலில் வரிசையாகப் போட்டார். சலவைச் சட்டை அணிந்துகொண்டார். பட்டியலைத் தெருவாரியாகப் பிரித்து, விளக்கம் சொல்வதற்கு வசதியாகத் தாள் செருகி வைத்தார். யாரும் தட்டுவதற்கு முன்பாகவே கதவைத் திறந்தும் வைத்தார்.

பிற்பகல் மூன்று மணிக்குக் கை கழுவி வந்து உட்கார்ந்தேன். தொலைபேசியில் வந்த முதல் செய்தியை ஒருவர் எழுதி என் முன்னே வைத்தார். 'கும்பல்' என்றிருந்ததைத் 'திரளான பொதுமக்கள்' என்று மாற்றினேன். 'கத்தி' என்றிருந்ததைக் 'கருவிகள்' ஆக்கினேன். மூன்றாவது வரியில் ஆறாம் தெரு என்றிருந்தது. நான் எழுதித் தந்தபடி முகவரி துல்லியமாக இருந்ததைக் கண்டு, ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, எனக்கு மனநிறைவு ஏற்பட்டது. உங்களிடம் மறைக்கக் கூடாது என்பதால் இதையும் சொல்கிறேன்.

அத்தான் உயிரோடிருக்கிறார். தாடையைக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள். வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. மருத்துவமனையில் நான் கட்டிலருகே நின்றபோது, அவர் இடது கையால், சிலேட்டில், கோணல் எழுத்தில் 'நாற்காலி பத்தலை' என்று எழுதிக் காட்டினார். நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. அழவும் இல்லை. குருவி தந்துவிட்டுப் போயிருந்த குறிப்பேட்டை என் கையில் வைத்தாள்.

"அந்த ஆள் என்ன சொன்னானோ அதை அப்படியே போடு. நீ அதை என்னவா மாத்தினேன்னும் போடு. முதல் பக்கத்துல. போட்டு எடுத்துட்டு வா, அத்தான் படிக்கணும். அதுக்கப்புறம் நீ என் தம்பியா இல்லையான்னு பார்ப்போம்."

செய்த தவற்றுக்குப் பரிகாரம் செய்வதில் எனக்குத் தயக்கமே இருந்ததில்லை. அன்றே அலுவலகம் போய், குறிப்பேட்டைத் திறந்து, தலைவரின் பேச்சை ஓர் எழுத்தும் மாறாமல் படியெடுத்தேன். படித்துப் பார்த்தேன். மிகவும் கசங்கியிருந்தது. சென்ற சில மாதங்களில் நான் அடையாத ஒரு துடிப்புடன் பேனாவை எடுத்தேன். மூன்று மணி நேரம் உழைத்தேன். மறுநாள் முதல் பக்கத்தில், கட்டம் கட்டி, பெரிய எழுத்தில் அது வெளியாயிற்று. என் குற்றத்துக்கான முழு ஒப்புதலாக அதையே இந்த வாக்குமூலத்துடன் இணைக்கிறேன்:

'செவ்வாய்க்கிழமை இதழில் நாம் வெளியிட்ட வேண்டுகோளை ஏற்று, எதிர்பார்த்ததைவிட அதிக எண்ணிக்கையிலான பார்வையாளர்கள் பதிவு அலுவலரின் இல்லத்துக்கு வருகை தந்தனர். அதனால் அவருக்கு நேர்ந்த சிரமத்துக்கு மனமார வருந்துகிறோம்.'

அக்காவிடம் நானே நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். இருமுறை படித்தாள். எழுந்து அறைக் கதவைத் திறந்து, நான் வெளியே போகும்வரை அதைப் பிடித்துக்கொண்டே நின்றாள். அவ்வளவு நெகிழ்ந்துபோயிருந்தாள்.