மெர்ரிகல் முனை நோலீன் கார்மோடி அவர்களுக்கு, பொய் நாற்று நட்டவர்கள் படைக்கும் மடல்

மணற்குன்றின் மறத்தியே! மண்வெட்டி பிடித்த மாண்பே! பீட்டூப் புதரின் பெரும்பகையே! நியூ சவுத் வேல்ஸ் கடற்கரையில் இருபத்தாறு ஆண்டுகள் களைக்கு முதுகு வளைத்து, எவர்முன்னும் தலை வளைக்காத எங்கள் தலைவியே!

மணலைக் கட்ட முன்னோர் நட்ட பீட்டூ, மஞ்சள் பூவால் மயக்கி, மண்ணுக்குச் சொந்தமான வாட்டில் செடியை விரட்டி, முனை முழுவதையும் விழுங்கியது. பிடுங்கினால் போயிற்றா? மண்ணுக்குள் அது சேமித்த விதைகள் ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்து, ஒன்று போனால் ஒன்பதாய் முளைத்தன. அதே மண்ணுக்குள்தான் வாட்டிலின் விதைகளும் உறங்கின.

சில ஆண்டுகளுக்கு முன் முனையைச் சுட்டெரித்த பெருந்தீயின் சூட்டில் விதையுறக்கம் கலைந்து, இரண்டும் ஒன்றாய் முளைத்தன. வாட்டிலைக் காக்க வேண்டுமென்றால், களைக்கொல்லி பீட்டூவை மட்டும் கொல்லும் குளிர்காலம் வரை பொறுத்துத்தான் மருந்தடிக்க வேண்டும். பொறுமைக்கும் உங்களுக்கும் ஏழாம் பொருத்தம்; கோடையிலேயே அடித்தீர்கள், இரண்டும் கருகின. பாராட்டு மடலில் இதைச் சொல்லலாமா என்று எங்களுக்குள் சச்சரவே நடந்தது. கூட்டத்தில் எழுந்து, "வேற யாரையும் கேக்காதீங்க. அவசரப்பட்டது நான்தான்" என்று சொன்னவரை அதற்காகப் பாராட்டாமல் வேறெதற்குப் பாராட்டுவது?

அன்றிலிருந்து ஆண்டுதோறும் முனையின் மண்ணை அள்ளி, சூடுகாட்டி, தட்டுகளில் பரப்பி, நீர் தெளித்து, முளைப்பதை எண்ணினீர்கள். முளைத்தவை எல்லாம் பீட்டூவே! இந்த ஆண்டும் வாட்டில் முளைக்காவிட்டால் முனையைக் கைவிடுவதாக மேலிடம் அறிவித்த பின், உங்களுக்கும் உறக்கமில்லை, எங்களுக்கும் இல்லை.

ஆகவே, சென்ற செவ்வாயன்று, நாற்றுப்பண்ணையில் வாங்கிய வாட்டில் கன்றொன்றைப் பதினேழாம் தட்டில் நட்டோம். ஓய்வுபெறும் வாரத்தில் உங்கள் முகம் மலரட்டும், முனையும் பிழைக்கட்டும் என்ற நினைப்பு! நீங்கள் குனிந்தீர்கள், கன்றை எடுத்தீர்கள், வேரை உதறினீர்கள். தொட்டிமண்ணில் கலக்கும் வெள்ளைப் பொரிமணிகள் உதிர்ந்தன.

"என்னப்பா டாரல், நம்ம கடற்கரையில எப்பலேர்ந்து நர்சரி கலவை விளையுது?"

"உங்களுக்காகத்தான், நோலீன்... முனைய விட்டுடுவாங்களே!" என்றான் எங்கள் குழுவின் டாரல்.

"விட்டா விடட்டும். மண்ணுல இல்லாதத இருக்குன்னு எழுதினா, ரெண்டாவது தடவையும் நானே மருந்தடிச்ச மாதிரிடா."

பதிவேட்டில் 'வாட்டில்: இல்லை' என்று எழுதிக் கையொப்பமிட்டீர்கள். மேலிடமும் சொன்னதைச் செய்துவிட்டது. வெட்கமும் தவிப்புமாய் இந்த வழியனுப்பு விழா மேடையில் நிற்கிறோம், அம்மையீர்!

தட்டுகளை நாங்கள் எறியவில்லை. விதையின் உறக்கம் மேலிடத்தின் நாள்காட்டிக்குக் கட்டுப்படாது. எங்கள் சொந்த நேரத்தில் நீர் தெளிப்போம். ஏதேனும் முளைத்தால் தொடமாட்டோம். வாட்டில் என்று எங்கள் கண்ணே சொன்னாலும் நம்பமாட்டோம். பொய் நட்ட கைகள் அல்லவா! நீங்கள் வந்து, மண்ணை விலக்கி, வேரைப் பார்த்துச் சொன்ன பிறகே ஏட்டில் எழுதுவோம். அதற்குப் பத்து ஆண்டும் ஆகலாம், இருபதும் ஆகலாம். அதுவரை கண்ணொளி குன்றாமல், முழங்கால் நோகாமல், நீங்கள் வாழ்ந்தே ஆக வேண்டும். வேறு வழியில்லை, நோலீன்!

தலைகுனிந்து வணங்கும்,
மெர்ரிகல் முனைக் களைக்குழுவினர்