முதலில் தரிசனம், பிறகு கூட்டு ஆய்வு

உங்களுக்கு அம்மன் தரிசனம் ஆயிற்றா மேடம்? ஆகவில்லையென்றால் சொல்லுங்கள், கூச்சப்பட வேண்டாம். நான் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தால் என்ன, என் போனை ஒரு நிமிஷம் கொடுத்தால் போதும், உங்களை வரிசையில் நிற்கவிடாமல் உள்ளே அழைத்துப்போக ஆள் வருவான். காஞ்சிபுரம் வரைக்கும் வந்துவிட்டு நேராக விசாரணையில் உட்கார்ந்த அதிகாரியை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

சரி, விடுங்கள். என் பெயர் ரேணுகாம்பாள். பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வார்டின் குழந்தைகள் பாதுகாப்புக் குழுவில் பொதுமக்கள் சார்பாக உறுப்பினர். சம்பளம் கிடையாது. பட்டறைக்காரர்களிடம் ஒரு புடவை, ஒரு முழம் பட்டு நூல்கூட வாங்கியதில்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

நான் வருவதற்கு முன்னால் அந்தக் குழு இருந்த லட்சணத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரு பிள்ளை பட்டறையில் வேலை செய்கிறது என்று தகவல் வந்தால், அது லேபர் துறை வேலை என்று போலீஸ் சொல்லும். பள்ளிக்கூடத்தில் பிள்ளையின் பெயரை ஏன் நீக்கினீர்கள் என்று லேபர் கேட்கும். பள்ளிக்கூடம் நகராட்சியைக் கை காட்டும். நகராட்சியிலிருந்து ஆளே வர மாட்டார். நான்தான் இவர்களை ஒரே அறையில் உட்காரவைத்து, சூடாக வடையும் காபியும் வரவழைத்து, பிறந்தநாளுக்கு வாழ்த்துச் சொல்ல ஒரு வாட்ஸ்அப் குரூப்பும் ஆரம்பித்து, அண்ணன் தம்பி மாதிரி ஆக்கினேன். மாவட்டக் கூட்டத்தில் எங்கள் குழுவைத்தான் எடுத்துக்காட்டாகச் சொன்னார்கள்.

அந்த ஒற்றுமை கலையாமல் இருக்க ஒரு விதியும் போட்டுக்கொண்டோம். ஆய்வுக்குப் போனால் நான்கு துறையும் சேர்ந்துதான் படியேற வேண்டும். ஒருவர் வராவிட்டால் மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். யாரும் தனியாகப் பெயர் வாங்கிக்கொள்ளக் கூடாது, யார் தலையிலும் தனியாகப் பழி விழக் கூடாது. நல்ல விதிதானே?

ஆய்வு நாளில் முதலில் தரிசனம். அர்ச்சனை, மாலை, பிரசாதம் எல்லாம் நிதானமாக நடக்கும். அந்த நேரத்தில் நான் பிரகாரத்தில் ஒதுங்கி நின்று பட்டறைக்காரர்களுக்கு போன் போடுவேன். "ஆபீசருங்க வந்துக்கினு இருக்காங்கப்பா, பசங்கள பக்கத்துத் தெருவுக்கு அனுப்பிடு." அவ்வளவுதான். நாங்கள் போகும்போது பெரியவர்கள் மட்டும் வேலை செய்துகொண்டிருப்பார்கள்.

முகத்தை ஏன் அப்படி வைத்துக்கொள்கிறீர்கள்? யோசித்துப் பாருங்கள். ஒரு பிள்ளை பிடிபட்டால் மறுநாள் பேப்பரில் வரும். இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்று மேலிடம் கேட்கும். போலீஸ் லேபரைச் சொல்லும், லேபர் பள்ளிக்கூடத்தைச் சொல்லும், பழைய கதை ஆரம்பித்துவிடும். குழந்தைத் தொழிலாளர் இல்லாத வார்டு என்று தெருமுனையில் போர்டு வைத்திருக்கிறோம், அதையும் கழற்ற வேண்டும். குழு உடைந்துபோனால் அப்புறம் பிள்ளைகளை யார் பார்ப்பார்கள்?

ஏஞ்சல் விஷயத்துக்கு வருகிறேன். மாகறல் பக்கத்துப் பெண். அம்மா சென்னையில் ஒரு ஹாஸ்டலில் தங்கிச் சமைக்கிறாள். பிள்ளையைப் பூவராகவன் சாயப்பட்டறையில் விட்டுவிட்டுப் போயிருந்தாள். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. அந்தத் தெருவில் நான் விழிப்புணர்வுக் கூட்டம் போட்டபோது கடைசியில் நின்றாள், முழங்கை வரைக்கும் மாம்பழ நிறச் சாயம். நான்தான் அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு 1098 என்ற குழந்தைகள் உதவி நம்பரை மனப்பாடமாகச் சொல்லவைத்தேன். கெட்டிக்காரி, ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா?

அப்புறம் ஒருநாள் யார் போனையோ வாங்கி அந்த நம்பருக்கே பேசிவிட்டாள். கொதிக்கிற தண்ணீர் காலில் கொட்டிவிட்டதாம், அம்மாவிடம் போக வேண்டுமாம். தகவல் எங்கள் குழுவுக்கு வந்தது. வழக்கம்போல நாள் குறித்தோம்.

அன்றைக்குத்தான் ஜெபகுமார் குறுக்கே வந்தார். லேபர் துறைக்குப் புதிதாக மாற்றலாகி வந்த இளைஞர். எல்லோரும் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுகிறோம், அவர் மட்டும் ஜீப்பை விட்டு இறங்கவில்லை.

"நீங்க போய்ட்டு வாங்க மேடம். நா அந்தப் பட்டறை தெருமுனைல வெய்ட் பண்றேன்."

"அட, பிரசாதம் மட்டுமாவது வாங்கிக்கினு போலாம் தம்பி."

"பரவால்ல மேடம். ரூல் தெரியும், உள்ள போ மாட்டேன். வாசல பாத்துக்கினு நிப்பேன்."

போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் பூவராகவன் எனக்கு போன் போட்டான். குரலே சரியில்லை.

"அக்கா, மொனைல ஒரு ஆளு நின்னுக்கினு வெச்ச கண்ணு வாங்காம பாக்கறாரு. புள்ளைய எப்படிக்கா வெளிய அனுப்புறது?"

அந்தப் பட்டறைக்கு வேறு வழி கிடையாது. முற்றத்தில் தரைக்குள் இறக்கிக் கட்டிய தண்ணீர்த் தொட்டி உண்டு. ஒரு வாரமாக அந்தத் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் வரவில்லை, நானே நகராட்சியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

"தொட்டி காலியாத்தானேப்பா இருக்குது?" என்றேன்.

அவன் தயங்கினான். பிள்ளையிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன்.

"ஆன்ட்டி, நாந்தான் போன் பண்ணேன். என்ன கூட்டிக்கினு போக வராங்களா?"

"வராங்கடா கண்ணு. அதுக்கு மின்னாடி நீ தொட்டிக்குள்ள எறங்கி சத்தம் போடாம ஒக்காந்திருக்கணும். நா கூப்ட்டாதான் வரணும். சாயங்காலம் அம்மாகிட்ட பஸ் ஏத்தி வுட்டுடறேன்."

"சத்தியமா ஆன்ட்டி?"

"சத்தியமா."

பொய் சொல்லவில்லை மேடம். அனுப்பிவைக்கத்தான் நினைத்திருந்தேன். வேலை செய்கிற இடத்தில் பிடிபடாமல், சத்தமில்லாமல், கௌரவமாக அனுப்ப வேண்டும் என்று நினைத்தேன். தானாகவே இறங்கினாளாம். பூவராகவன் இரும்பு மூடியைப் போட்டு, அதன் மேல் நாற்காலி போட்டிருந்தான். நாங்கள் போனதும் நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.

ஜெபகுமார் ஒன்று விடாமல் பார்த்தார். சாயக் கொப்பரைக்குப் பின்னால், நூல் மூட்டைக்கு அடியில், பரண் மேல். மற்றவர்கள் முற்றத்தில் காபி குடித்தார்கள். அப்போது நகராட்சி ஓவர்சியர் ராமலிங்கம் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"மேடம், சொல்லிக்கினே இருந்தீங்களே, இந்தத் தெருவுக்கு வால்வ தொறக்கச் சொல்லிட்டேன். இன்னிக்கி எல்லாரும் வராங்கன்னு ஒரு சர்ப்ரைஸு. சத்தம் கேக்குதா?"

கேட்டது. எனக்குக் கீழே தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. ஒரு வாரம் அடைத்துவைத்த தண்ணீர், வேகமாகவே வந்தது. ரொம்ப நன்றிங்க சார் என்று கைகூப்பினேன். மனுஷன் ஆசையாகச் செய்திருக்கிறார், சொல்லாமல் இருக்க முடியுமா?

பூவராகவன் காபித் தட்டோடு என் காதருகே குனிந்தான். "அக்கா, சொல்லிடலாங்கா. தண்ணி ஏறுதுக்கா." "சாருக்கு இன்னொரு காபி குடுப்பா" என்று அனுப்பிவைத்தேன். பயந்த சுபாவம். அவன் மேல் பெரிய வழக்கெல்லாம் போடாதீர்கள்.

கடைசியில் ஜெபகுமார் என் எதிரில் வந்து நின்றார். "இது என்னா மேடம், தொட்டியா?"

"தண்ணி வுழுற சத்தம் கேக்கலியா தம்பி? இப்பதான் ரொம்புது."

ஒரு நிமிஷம் நின்று கேட்டார். தண்ணீர் நிறைகிற தொட்டியில் யார் பிள்ளையை வைப்பார்கள்? அவரும் அப்படித்தான் நினைத்திருப்பார், தலையாட்டிவிட்டு நகர்ந்தார். அப்புறம் நான்கு துறையும் கையெழுத்துப் போட்டார்கள். ஒரு குரூப் போட்டோ எடுத்தோம். நான் நாற்காலியை விட்டு எழாததால் எல்லோரும் என்னைச் சுற்றி நின்றார்கள். நல்ல படம், பார்த்திருப்பீர்கள்.

எப்போது வேண்டுமானாலும் எழுந்திருக்கலாமே என்று ஜெபகுமார் இப்போது கேட்கிறாராம். எழுந்திருக்கலாம். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான்கு பேர் சேர்ந்து மூடியைத் தூக்கியிருப்பார்கள். ஆனால் யார் முதலில் பார்த்தது, யார் கோட்டைவிட்டது என்று அங்கேயே ஆரம்பித்திருக்கும். அவர்கள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். இன்னும் கொஞ்ச நேரம், ஜீப் கிளம்பட்டும் என்றுதான் இருந்தேன். ஜீப் கிளம்ப நேரமாகிவிட்டது.

பிள்ளை கத்தவே இல்லையா என்று கேட்டீர்கள். பூவராகவன் எதுவும் கேட்கவில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். அது உண்மை, அவனுக்குக் கேட்டிருக்காது. எனக்குத்தான் கேட்டது. மூடியில் உள்ளேயிருந்து தட்டினாள். மெதுவாகத்தான், நான் சொன்னதை நினைவில் வைத்துக்கொண்டு தட்டுகிற மாதிரி. நான் பேச்சை நிறுத்தாமல் குதிகாலால் இரண்டு தரம் திருப்பித் தட்டினேன். சும்மா இரு என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு தட்டவே இல்லை.

பெற்ற அம்மா சொன்னால்கூட அந்த நேரத்தில் எந்தப் பிள்ளை கேட்கும் மேடம்? என் மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. இந்த ஊர்க் குழந்தைகளை நான் எப்படிப் பார்த்துக்கொண்டேன் என்பதற்கு அதைவிட வேறென்ன சாட்சி வேண்டும் உங்களுக்கு?