மானியத்துக்குப் பாடிய குருவி

— ஷ்ஷ்... தெர்மஸ மூடுங்க மேடம். காப்பி வாசத்துக்கே பறந்துடும்.

— குருவிக்குக் காப்பி ஆகாதா, ஆம்ப்ரோஸ் அண்ணே?

— வெக்கம் மேடம். கவர்மென்ட் ஆளப் பார்த்தா எனக்கே பாட்டு வராது.

— விடியுறதுக்குள்ள செம்பவாங் தோப்புக்கு வரச் சொல்லிட்டீங்க. இந்தப் பனியில மரமெல்லாம் மிதக்குது... நான் முழிச்சிட்டேனான்னே தெரியலை.

— கனவுன்னு நெனச்சே கேளுங்க. அந்த ரம்புத்தான் மரத்துல...

— ரூல்ஸ் ஞாபகம் இருக்குல்ல? அருகி வர்ற இனமா இருக்கணும். காட்டுல ஜோடியா வாழணும். அப்பதான் மானியம், அப்பதான் தோப்பு தப்பிக்கும்.

— இல்லன்னா?

— புல்டோசர். இங்கயும் பிளாட்டு.

— இந்தக் கம்பத்து வீட்ட விட்டு மார்சிலிங் பிளாட்டுக்குப் போயி எனக்கே இன்னும் லிஃப்ட் பழகலை. குருவி என்ன பண்ணும் லா...

— இருங்க... பாடுது!

— முராய்! நம்ம குண்டுகரிச்சான்! பார்த்தீங்களா? கறுப்பும் வெள்ளையுமா, பூசைக்குக் கிளம்பின ஃபாதர் மாதிரி...

— இந்த எண்பத்தஞ்சாம் வருஷத்துல, சிங்கப்பூர்ல இதக் கேக்குறதே பெரிசு. எல்லாத்தையும் பிடிச்சுக் கூண்டுல போட்டுட்டாங்க... அண்ணே?

— சொல்லுங்க.

— அந்த மெட்டு... போன தடவையே எனக்குச் சந்தேகம்.

— காத்து மேடம். ஜோகூர்க் காத்து.

— காத்து சர்ச்சுப் பாட்டு பாடுமா? என்கூடப் படிச்ச பிரிஜட் பாடுவா. காணிக்கைப் பாட்டு!

— பக்தியுள்ள குருவியா இருக்கும்...

— கூண்டு எங்க அண்ணே?

— ...வீட்டுக்காரி பிலோமினா அதுல வெங்காயம் போட்டு வெச்சிருக்கா.

— அண்ணே!

— போட்டியில கப்பு வாங்கின குருவி மேடம். நான்தான் பாடிப் பாடிப் பழக்கினேன். நான் கோயில்ல பாடினா பக்கத்து பெஞ்சு காலியாயிடும். இது பாடினா... இந்தத் தோப்பே நிக்கும்னு நெனச்சுத் திறந்து விட்டுட்டேன். எழுதிடுவீங்களா?

— எழுதித்தானே ஆகணும்? கூண்டுக் குருவிக்கு மானியம் இல்லையே.

— அப்ப குஞ்சுங்களுக்கு?

— என்ன குஞ்சு?

— அந்தப் பொந்துல. மூணு. அதுங்க கூண்டையே பார்த்ததில்ல மேடம்.

— பொரிச்சிடுச்சா? நிஜமாவா? எங்க... நகருங்க அண்ணே...

— மெதுவா, இங்கிருந்தே பாருங்க. வாயப் பாருங்க! பொறந்ததுமே மானியம் கேக்குது.

— 'தோப்பிலேயே பிறந்த குஞ்சுகள் மூன்று'. இப்படி எழுதிக்கிறேன். பொய் இல்லையே?

— சத்தியமா இல்ல. ஆனா மேடம்... நான் விட்டது ஆண் ஒண்ணுதான். இந்தச் சாம்பல் நெறப் பொட்டை எங்கிருந்துதான் வந்துச்சோ? மாதா அனுப்பினாங்கன்னு பிலோமினா மெழுகுவத்தி ஏத்துறா.

— ஏத்தட்டும்... போன தடவை வந்தப்ப உங்க ஆளு தனியாப் பாடிட்டே இருந்துச்சு. பதிலுக்கு ஒரு சத்தமும் வரலை. எனக்கு ஆபீஸ்ல வேலையே ஓடலை அண்ணே. முகைதீன் குருவிக் கடையில இந்தப் பொட்டை ஒரு மூலையில குந்திக்கிட்டு இருந்தா. பஸ்ல மடியில வெச்சுக் கொண்டு வந்து நான்தான் இங்க விட்டேன்... வழி பூரா என் விரலக் கொத்திக்கிட்டே வந்தா.