பன்னிரண்டு மில்லி கம்பி

மாமா: நிறுத்து, நிறுத்து! தலைய ஆட்டுறான்.

அவள்: யாரு மாமா?

மாமா: இவன்தான், கம்பி. இருபது வருஷமா சலூன் வச்சிருக்கேன்… ஷேவிங்குக்கு உக்காந்துட்டு இப்படித் தலைய ஆட்டுற ஆள நான் பாத்ததே இல்ல.

அவள்: ஆடறது டிரில் மெஷின். சாப்பாட்டு மேசையில கட்டி வச்சா ஆடத்தான் செய்யும். இருங்க, கிளாம்ப்ப இன்னொரு சுத்து முறுக்கறேன்… கட்டைக்கு எண்ணெய் விட்டீங்களா?

மாமா: எந்தக் கட்டைக்கு?

அவள்: அந்த ஓட்டை போட்ட கட்டைக்குத்தான். அதுதான கம்பி நுனி துள்ளாம புடிச்சுக்குது. பாருங்க, புகையுது.

மாமா: புகையட்டும். உங்கக்கா என்ன திட்டுறப்ப எனக்கும் இப்படித்தான் புகையும்.

அக்கா: கேக்குதுங்க! உள்ள படுத்திருந்தா கேக்காதுன்னு நெனப்பா? பல் புடுங்குற மாதிரி சத்தம்… எனக்கு இங்க பல்லெல்லாம் கூசுது.

மாமா: கொஞ்சம் பொறுத்துக்கம்மா. உடைஞ்ச உன் கட்டில் கம்பிக்குப் பதில் கம்பி செய்யத்தான் இவ்வளவு பாடும்.

அக்கா: தட்டையாப் படுத்து மோட்டுவளையையே பாத்துக்கிட்டிருக்கேன். சீக்கிரம்.

அவள்: மணி என்ன மாமா?

மாமா: ரெண்டே கால். நர்ஸம்மா கட்டிலப் பாக்க வர்றது நாலு மணிக்கு.

அவள்: அவங்க வந்து கைப்பிடிய சுத்திப் பாக்கறப்ப தலைப்பக்கம் ஏறலன்னா?

மாமா: அன்னிக்கே சொல்லிட்டாங்களே. ஏறி இறங்கற கட்டில் இருந்தா வீட்டுல வச்சுப் பாருங்க, இல்லன்னா திரும்ப வார்டுக்குத்தான்னு.

அவள்: பாழாப் போனவன், பட்டறைக்காரன்… ஒரு நுனிய லேத்துல புடிச்சுக் குடுக்க வியாழக்கிழமை ஆகும்கறான்.

மாமா: அவன் கிடக்கிறான் விடு. நீதான் மாலை வகுப்புல லேத்து வேலை படிக்கிறியே, எதையும் அளந்துக்கிட்டே இருக்கிற வெர்னியர்.

அவள்: அப்படிக் கூப்பிடாதீங்க. வகுப்புல லேத்துலதான் சொல்லிக் குடுத்தாங்க. டிரில்ல கம்பியக் கடிக்க விட்டு, சுத்தற கம்பி மேல அரத்தைப் புடிக்கச் சொல்லி எங்கயும் சொல்லல. நானா நோட்டுல வரைஞ்சு பாத்தது. தப்பாப் போச்சுன்னா இன்னொரு கம்பி கூட இல்ல.

மாமா: தப்பாப் போகாது. எவ்வளவு வரணும்?

அவள்: கம்பி பன்னிரண்டு மில்லி. பேரிங் ஓட்டை பத்து. மேல இருக்கிற மரை மழுங்கினாலே பத்துக்குக் கிட்ட வந்துடும். அந்த நட்டு வரைக்கும்தான் தேய்க்கணும், அதத் தாண்டாதீங்க.

மாமா: நட்டு எதுக்கு, காவலுக்கா?

அவள்: ஆமா, வேலி மாதிரி. வேலையெல்லாம் முடிஞ்சு அதக் கழட்டறப்ப ஓரத்துல இருக்கிற பிசிறையும் எடுத்துடும். சட்டைக் கைய மடிச்சு விடுங்க மாமா, சுத்திக்கும்… ம், போடறேன். அமுக்காதீங்க. லேசா. ஷேவ் பண்ற மாதிரி.

மாமா: அப்படிச் சொல்லு! அது எனக்குத் தெரிஞ்ச பாஷை.

அவள்: அப்படியே… அப்படியே… அழகா வருது மாமா. ஒரே இடத்துல நிக்காதீங்க, அங்க குழி விழும்.

மாமா: கன்னத்துல குழி விழற மாதிரி ஷேவ் பண்ணினவன் நான் இல்ல.

அவள்: நிறுத்தறேன்… பதினொண்ணு புள்ளி ரெண்டு. இருங்க, எழுதிக்கிறேன்.

மாமா: எழுது, எழுது. கம்பி ஜாதகம்.

அவள்: மறுபடியும்… லேசா… ம்… நிறுத்தறேன். பத்து புள்ளி நாலு. இன்னொரு பக்கத்துலயும் அளக்கிறேன்… அதே பத்து புள்ளி நாலு. இன்னொரு தடவ அளந்துக்கட்டுமா?

மாமா: உங்கக்கா வார்டுக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் அளந்துக்கிட்டே இரு.

அவள்: சரி, சரி. போடறேன்.

மாமா: …மரையோட கோடு இன்னும் மெலிசாத் தெரியுதே?

அவள்: தெரியட்டும். அது பள்ளம். பேரிங் உக்காரப் போறது மேட்டு மேல. நிறுத்தறேன்… பத்து புள்ளி பூஜ்யம் நாலு. பேரிங்கக் குடுங்க… ம்ஹும். மாட்டேங்குது.

மாமா: தள்ளு, இன்னும் நாலு இழுப்பு இழுக்கறேன்.

அவள்: ஐயோ, வேண்டாம்! தொட்டுப் பாருங்க.

மாமா: அப்பா! சுடுது.

அவள்: சூட்டுல கம்பி கொஞ்சம் உப்பியிருக்கும். இப்பவே நுழையற அளவுக்குத் தேச்சுட்டு, அப்புறம் ஆறிச்சுன்னா லொடலொடன்னு ஆயிடும். ஆற விடணும்… ஆற விடறது என்ன, குளிர வைக்கணும். ஃப்ரீசர்ல…

மாமா: அறுபது சென்டி கம்பிய ஃப்ரீசர்லயா? கதவுக்கு வெளிய வால் நீட்டிக்கிட்டு நிக்கும்.

அவள்: அட ஆமா… அப்ப ஒரு சொம்புல ஐஸ் போட்டு, கம்பியத் தலைகீழா நிறுத்துவோம். பேரிங்க ஒரு கவர்ல கட்டி வெந்நீர்ல போடுவோம். இது சுருங்கும், அது விரியும்.

மாமா: இப்படியா மூளை ஓடும் உனக்கு! எவ்வளவு நேரம்?

அவள்: பத்து நிமிஷம். பதினஞ்சுன்னு வச்சுக்குவோம், எனக்கு நிச்சயமாத் தெரியல.

மாமா: சரி. உக்காரு… என்ன அப்படிப் பாக்கற?

அவள்: மாமா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?

மாமா: சொல்லு.

அவள்: மெதுவாப் பேசுங்க… அக்காவுக்குக் கேட்டுடும். நேத்து சாயந்திரம் வகுப்புக்கு நேரமாச்சுன்னு கைப்பிடிய வேகமா சுத்தினேன். உள்ள டக்குனு ஒரு சத்தம். ஒண்ணும் ஆகலன்னு நானே சொல்லிக்கிட்டுப் போயிட்டேன். ராத்திரி நோட்டுல அத எழுதவும் இல்ல… எல்லாத்தையும் எழுதறவ, அத மட்டும் விட்டுட்டேன். நான்தான் மாமா உடைச்சேன். திட்டுங்க.

மாமா: யாரு உடைச்சா, நீயா? காலையில கடை திறக்கற அவசரத்துல, கைப்பிடி இறுக்கமா இருக்குன்னு காலால ஒரு உதை விட்டது யாரு தெரியுமா?

அவள்: உதைச்சீங்களா?

மாமா: மெதுவா! உதைச்சேன். நீ மருந்து வாங்கிட்டு வந்து, கைப்பிடியோட கம்பி முறிஞ்சு கிடக்குதுன்னு ஃபோன் பண்ணினியே… அப்ப ஒரு ஆளுக்குப் பாதி மீசை எடுத்திருந்தேன். கை ஓடல. உதைதான் முறிச்சிடுச்சுன்னு தெரியும். உன்கிட்ட வாய் திறக்கலயே!

அவள்: அடப்பாவி மாமா! காலையிலேருந்து நான் தண்ணி கூட இறங்காம உக்காந்திருக்கேன்.

மாமா: நானும்தான். மூணு மாசமா கால ஊனாத மனுஷி… திரும்ப அந்த வார்டுக்குப் போனா என்னாலதான்னு… அப்பா! சொன்னதும் பாரம் இறங்கின மாதிரி இருக்கு.

அவள்: அக்காகிட்ட?

மாமா: தேய்மானம்னு சொல்லிடுவோம். பழைய கட்டில், பழைய கம்பி. முடிஞ்சுது கதை.

அவள்: சரி… எடுங்க. துணியால துடைச்சு, நட்டக் கழட்டிட்டு நேரா புடிங்க. பேரிங் வருது, விரல் ஜாக்கிரதை… மாமா!

மாமா: போயிடுச்சா?

அவள்: சும்மா சறுக்கிக்கிட்டுப் போயிடுச்சு! நட்டு இருந்த விளிம்புல கரெக்டா உக்காந்துடுச்சு. ஆட்டிப் பாருங்க.

மாமா: அசையல. ஒரு மயிரிழை கூட அசையல. மயிரிழைன்னு சலூன்காரன் நான் சொன்னா ஊரே நம்பும்!

அவள்: பீத்திக்காம உள்ள வாங்க. மூணு மணி ஆச்சு.

அக்கா: என்ன, ரெண்டு பேர் முகத்துலயும் கல்யாணக் களை?

மாமா: கொஞ்சம் கால நகர்த்தி… நானே நகர்த்தறேன், இரு. கட்டிலுக்கடியில போறேன்.

அவள்: முதுகுப் பலகையோட நட்டுல கம்பி ஏறுதா மாமா?

மாமா: ஏறுது… ஏறுது… ஏறிடுச்சு. பேரிங்கும் கூட்டுக்குள்ள உக்காந்துடுச்சு. கைப்பிடிய மாட்டி போல்ட்ட முறுக்கு. தும்மல் வருது, என்ன தூசிடா சாமி!

அவள்: முறுக்கிட்டேன். அக்கா, சுத்தப் போறேன். மெதுவாத்தான்… ஒண்ணு… ரெண்டு…

அக்கா: ஏய், தலை மேல வருது! ஜன்னல் தெரியுது… அந்த வீட்டு மாடியில துணி காயுது. உன் முகம் ஏன்டி கரியா இருக்கு?

மாமா: சத்தமே இல்ல பாரு. வெண்ணெய் மாதிரி சுத்துது. நர்ஸம்மா வரட்டும், இப்ப வரட்டும்!

அக்கா: சரி, பழசு எப்படி உடைஞ்சுதாம்?

மாமா: தேய்மானம்.

அவள்: ஆமாக்கா. தேய்மானம்.

அக்கா: உதைச்ச தேய்மானமா, டக்குனு கேட்ட தேய்மானமா?

மாமா: அதெல்லாம் கேட்டுச்சா உனக்கு?

அக்கா: எனக்கு அடி பட்டது இடுப்புல. காதுல இல்ல.

அவள்: அக்கா, சத்தியமா தெரியாமத்தான்…

அக்கா: அழாதடி. நீ உடைக்கல. அவரும் உடைக்கல.

மாமா: பின்ன யாரு, காத்தா?

அக்கா: நான்.

மாமா: சும்மா எங்களுக்காகச் சொல்லாத. கைப்பிடி கால்மாட்டுல இருக்கு. படுத்த இடத்துலேருந்து உனக்கு எட்டவே எட்டாது.

அக்கா: எட்டாதுதான். அதான் கிட்ட போனேன்.

அவள்: கிட்ட… போனியா?

அக்கா: எட்டு நாளா, யாரும் இல்லாத நேரமாப் பாத்து, கால ஊனிப் பழகறேன். சொல்லிட்டு அப்புறம் முடியாமப் போச்சுன்னா உங்க ரெண்டு பேர் மூஞ்சியையும் பாக்க முடியாதுன்னு சொல்லல. நேத்து வரைக்கும் கட்டில் விளிம்பப் புடிச்சு நின்னதோட சரி. இன்னிக்குக் கால்மாடு வரைக்கும் போனேன். முட்டி நடுங்குச்சு. கைப்பிடி மேல மொத்த பாரத்தையும் போட்டுட்டேன். மடக்குனு போச்சு.

மாமா: இரு… இரும்மா. வீட்டுல யாரும் இல்ல. புடிச்சிருந்த கைப்பிடியும் கையோட வந்துடுச்சு. நீ கால்மாட்டுல நிக்கற… அப்புறம் எப்படித் திரும்பி வந்து படுத்த?

அக்கா: எப்படி வருவாங்க? நடந்துதான் வந்தேன்.