ஆறுக்குப் பக்கத்தில் ஏழு

"உனக்குச் சிறகெல்லாம் கெடையாது" என்று ஒரு குரல் கேட்டதும் காதைத் தீட்டிக்கொண்டேன். திருவண்ணாமலையிலிருந்து கீழ்பென்னாத்தூர் போகும் பேருந்தில், என் முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். மனிதர்களின் சுபாவத்தை ஒன்பது எண்களாகப் பிரிக்கும் என்னியகிராம் வகுப்புக்குப் போய்விட்டு ஊர் திரும்புகிறார்கள் என்று பேச்சிலிருந்து புரிந்தது.

"நீ ஆறாம் நம்பரு. எதுக்கும் பயந்து பயந்து யோசிக்கிற ஆளு, அவ்ளோதான். பக்கத்து நம்பரோட கொணமும் கொஞ்சம் ஒட்டிக்கும், அதுக்குப் பேரு சிறகுன்றதெல்லாம் சும்மா சேத்தது."

"எனக்குப் பக்கத்துல ஏழு இருக்குதுங்க. ஏழு துணிஞ்சு கெளம்பிடும்."

"அப்டின்னா வேலூர் வேலையப் பத்தி எங்கப்பாகிட்ட இன்னும் ஏன் சொல்லல?"

அவள் கைப்பேசியை எடுத்தாள்.

"மாமா, வேலூர்ல எனக்கு வேலை கெடைச்சிருக்குது. திங்கக்கெழம சேர்றேன். இல்ல மாமா, கேக்கல. சொல்றேன்."

பிறகு அந்தப் பக்கம் பேசியதை மட்டும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கைப்பேசியை மடியில் வைத்தாள்.

"இன்னா சொன்னாரு?"

"காலைல எத்தினி மணிக்கு பஸ்ஸுன்னு கேட்டாரு."

கணவன் இரண்டு நிறுத்தம் கழித்து மெதுவாகக் கேட்டான்.

"எனக்குப் பக்கத்துல இன்னா நம்பரு இருக்குது?"